ரயிலும் போச்சு, வியாபாரமும் போச்சு... ஆனாலும் தரங்கம்பாடி ஏன் பிடிக்கிறது?

டிராஃபிக், டார்கெட், இ.எம்.ஐ... எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் கடலோரமாக ஒரு வீடு பார்த்துப் போய்விடலாமா என்று தோன்றும்போதெல்லாம் எனக்கு நினைவுக்கு வரும் ஊர், மயிலாடுதுறை மாவட்டத்தின் தரங்கம்பாடி. பெயருக்குப் பேரூராட்சி, நடையில் கிராமம்தான்.

பழைய நகர வாசலுக்குள் நுழைந்து நேராக நடந்தால், பழைய வீடுகளும் இரண்டு தேவாலயங்களும் தாண்டித் தெரு கடலில் முடிகிறது. தெற்கே டேனிஷ்காரர்கள் 1620-ல் கட்டத் தொடங்கிய டேன்ஸ்போர்க் கோட்டை. மாலையில் அதன் எதிரே மணலில் உட்கார்ந்தால் போதும், செல்போன் ஞாபகமே வராது.

இந்த அமைதி யாரும் திட்டமிட்டுக் கொண்டுவந்தது அல்ல. 1845-ல் டேனிஷ்காரர்கள் ஊரை ஆங்கிலேயரிடம் விற்றார்கள். 1861-ல் நாகப்பட்டினத்துக்கு ரயில் வர, வியாபாரம் அங்கே போனது. இங்கே 1926-ல் வந்த ரயிலும் 1986-ல் நின்றுபோனது.

'கடலைப் பார்த்த வீடு' என்று கனவு காண்பவர்கள் மாசிலாமணிநாதர் கோயிலையும் பார்த்துவிட வேண்டும். 1306-ல் பாண்டியர் காலத்தில் எழுந்த கோயில். பெரும்பகுதியைக் கடல் எடுத்துக்கொண்டுவிட்டது. 2004 சுனாமியை இங்கே யாரும் மறக்கவில்லை.

இன்னொன்று. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும். நமக்கு அது இன்னும் அமைதி. படகில் கூலிக்குப் போகிறவர் வீட்டில் அது கடன் வாங்கும் காலம்.

தடை இல்லாத நாளில், விடியற்காலையில் படகுகள் திரும்பும் நேரமாகப் பார்த்துப் போங்கள். மீன் ஏலம் விடும் சத்தத்தில் அலைச் சத்தமே கேட்காது!