ராசவள்ளிக் கிழங்கு

வள்ளிக் கிழங்கு என்றவுடன் இன்று நம் இல்லங்களில் நினைவுக்கு வருவது சர்க்கரைவள்ளிதான். அது அமெரிக்காக் கண்டத்திலிருந்து கப்பலேறி வந்த விருந்தாளி; வந்த இடத்தில் வீட்டுக்காரரின் பெயரையே எடுத்துக்கொண்டுவிட்டது! அதற்கு வெகு காலம் முன்பே இங்கு வள்ளிகள் உண்டு. பாரியின் பறம்பு மலையை மூவேந்தரும் முற்றுகையிட்ட பொழுது, ஏர் பிடிக்காமலே அம்மலை அளிக்கும் உணவுகளைக் கபிலர் புறநானூறு 109-ஆம் பாட்டில் கணக்கிடுகிறார். மூங்கிலரிசி, பலா, தேன் ஆகியவற்றோடு வள்ளிக் கிழங்கும் அதில் சேர்ந்திருக்கிறது.

அந்த வள்ளிக் குலத்தில் ராஜ பட்டம் பெற்றது ராசவள்ளி. இது யாழ்ப்பாணத்தார் வழங்கும் பெயர். நம் பக்கத்துப் பெருவள்ளியும் மலையாளத்துக் காச்சிலும் இதே இனந்தான். ஆனால் அவற்றில் பெரும்பாலானவை வெள்ளைச் சதை உடையவை. ராசவள்ளியை அறுத்தாலோ, நாவற்பழம் தின்ற நாக்கின் நிறம்! இலை வெற்றிலையைப் போல் இருப்பதால் இந்த இனத்துக்கு வெற்றிலைவள்ளி என்றும் ஒரு பெயர் உண்டு. தண்டு நான்கு பட்டையாகி ஓரங்களில் மெல்லிய சிறகு பெற்றிருக்கும்.

கோடை மழையை ஒட்டி நடுவது வழக்கம். ஒரு முழ ஆழம் குழி தோண்டி, மேல்மண்ணும் மக்கிய எருவும் கலந்து முக்காற்பங்கு நிரப்பவேண்டும். குழிக்குக் குழி இரண்டு முழம் இருக்கட்டும். கிழங்கைத் தோலுடன் 250 கிராமுக்குக் குறையாத துண்டுகளாக வெட்டி, வெட்டுவாயில் அடுப்புச் சாம்பல் தடவி, நிழலில் ஆறவிட்டு நடுவார்கள். மேலே சருகு மூடினால் ஈரம் நிற்கும். கொடி படரக் கொம்பு வேண்டும். கிளுவை வேலியோ முருங்கை மரமோ கிடைத்தாலும் அது மறுப்பதில்லை.

இந்தத் துண்டுதான் விஷயமே. நெல்லில் ஒரு மணி விதைத்தால் நூற்றுக்கணக்கில் திரும்பி வருகிறது. இங்கோ, உண்ணக்கூடிய கிழங்கிலேயே ஒரு பங்கை மண்ணுக்குக் கொடுத்தாக வேண்டும். பூத்து விதை தருவது இக்கொடிக்கு மிக அபூர்வம். ஆகையால், கஷ்ட காலத்தில் ஒரு குடும்பம் விதைக்கிழங்கையும் பானையில் இட்டுவிட்டால், அடுத்த ஆண்டு அந்த வேலியில் கொடி இல்லை. அண்டை வீட்டாரிடமும் இல்லையென்றால் அவ்வூர் ரகமே போயிற்று! எந்தப் படையெடுப்பும் இன்றி, ஒரு சமையலறையில், சத்தமில்லாமல் இது நடந்துவிடுகிறது. 1963-இல் தொடங்கிய திருவனந்தபுரத்து மத்தியக் கிழங்கு ஆராய்ச்சி நிலையம் வள்ளி ரகங்களைச் சேகரித்துப் பேணுவதோடு, ஸ்ரீ கீர்த்தி, ஸ்ரீ ரூபா முதலிய பெருவள்ளி ரகங்களையும் வெளியிட்டிருக்கிறது. நல்ல காரியந்தான். ஆயினும் யாழ்ப்பாணத்து வேலியின் ரகத்தை அந்த வேலிக்காரர்தான் காப்பாற்றவேண்டும்.

ஒன்பது பத்து மாதத்தில் இலை பழுத்துக் கொடி காயும். மண் காய்ந்திருக்கும் நாளில், கொடியின் தூரிலிருந்து விலகித் தோண்டுவது புத்திசாலித்தனம்; மண்வெட்டி பட்ட காயத்தில்தான் அழுகல் புகுகிறது. கிழங்கைக் கழுவக் கூடாது. காயம்பட்டவை முதலில் சமையலுக்குப் போகட்டும். மற்றவற்றைச் சில நாள் காற்றோட்டமான நிழலில் வைத்தால் சிறு கீறல்கள் தாமே தோல் கட்டி ஆறும். பிறகு பரண்மீது வைக்கோல் பரப்பி, ஒன்றன்மேல் ஒன்று ஏற்றாமல் அடுக்கி, வாரம் ஒரு முறை பார்த்து, அழுகியதை அப்புறப்படுத்தவேண்டும். குளிர்ப்பெட்டி இதற்கு எமன்: சுமார் 12 டிகிரிக்குக் கீழே சதை கறுத்துக் கெட்டுவிடும்.

பிலிப்பைன்ஸ் தேசத்தின் போஹோல் தீவில் இந்தக் கிழங்கு கை தவறி விழுந்தால், எடுத்து முத்தமிட்டு வைப்பார்களாம். இப்பொழுது அந்நாட்டு ‘ஊபே’ உலகெங்கும் பனிக்குழைவிலும் கேக்கிலும் ஊதா நிறத்தில் பவனி வருகிறது. அவற்றில் பல, புட்டியிலிருந்து சாயமும் வாசனையும் பெற்றவை. கிழங்கைக் கண்ணால் கண்டதில்லை.

உண்மையான ருசி வேண்டுவோர் யாழ்ப்பாணத்து இல்லத்தரசிகளைக் கேட்கட்டும். கையில் எண்ணெய் பூசிக்கொண்டு (இல்லாவிடில் அரிக்கும்) தோல் சீவி, குழைய வேகவைத்து மசித்து, தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் சிட்டிகை உப்பும் சேர்த்துக் களியாய் இறக்குவார்கள். எலுமிச்சஞ்சாறு ஒரு துளி விட்டால் ஊதா சிவப்பாக மாறுவதைக் குழந்தைகளுக்குக் காட்டலாம். ஆனால் கிழங்கின் தலைப் பகுதியைக் களிக்கு வெட்டிவிடாதீர்கள்; முதலில் முளைப்பது அதுதான். பங்குனியில் அதன் உச்சியில் முளை எட்டிப் பார்க்கும்பொழுது குழி தோண்ட ஆரம்பிக்கலாம்.