நூறு ரூபாய் வெட்டு

சென்ற விடுமுறையில் காந்தலூர் போயிருந்தேன். பூண்டு காயவைத்துக்கொண்டே சித்தப்பா கேட்டார்: "நம்ம எம்.எல்.ஏ. சட்டசபையிலே நம்ம ரோட்டுக்கு ஒரு லட்சம் கூட்டிப் போடக் கூடாதா?"

முடியாது என்றேன். ஆளுநர் பரிந்துரையோடு அரசுதான் பணம் கேட்கும். அரசியல் சட்டம் 203ஆம் பிரிவுப்படி, உறுப்பினர்கள் அதை ஏற்கலாம், மறுக்கலாம், குறைக்கலாம், கூட்ட முடியாது. சபையின் சொந்தச் செலவுக்கும் இதே விதிதான். சபாநாயகர் சம்பளத்துக்கோ வாக்கெடுப்பே இல்லை, விவாதிக்கலாம், அவ்வளவுதான். ஒதுக்க மசோதா வந்தபின் 204ஆம் பிரிவு தொகையில் கைவைக்க விடாது.

"அப்போ எம்.எல்.ஏ. எதுக்குப்பா?"

நூறு ரூபாய் குறைக்கச் சொல்லி வெட்டுத் தீர்மானம் கொடுக்கலாமே! பணத்துக்காக அல்ல, நம் ரோட்டின் குறையைச் சபையில் சொல்ல.

அன்பர்களே, மானியக் கோரிக்கை விவாதத்துக்கு முன்பே குறையை எழுதி எம்.எல்.ஏ.விடம் கொடுக்கும்படி ஊருக்குச் சொல்லுங்கள். நானும் சித்தப்பாவும் அன்றே எழுதினோம்.