மாத்திரையோடு மோதும் பாங்

மனச்சிதைவு நோய்க்கு மருந்து சாப்பிடுபவர்கள் கஞ்சாவையும் தொட்டால் என்ன ஆகும்? பலர் டாக்டரிடம் மறைக்கும் ஒரு விஷயம் சிகிச்சையையே கவிழ்த்து விடுகிறது.

ஹோலிக்கு முந்தைய நாள், வாரணாசி. அரசு உரிமம் பெற்ற பாங் கடைகளில் கூட்டம் நெரிகிறது. பச்சை உருண்டைகள் கைமாறுகின்றன. வீடுகளில் பாதாம், சோம்பு, மிளகு அரைத்துப் பாலில் கலந்து தண்டாய் தயாராகிறது. அதில் ஓர் உருண்டை கரைந்தால்தான் பண்டிகை. சிவனின் பிரசாதம் என்று வீட்டுப் பெரியவர்களே நீட்டும்போது யார் மறுப்பது?

மறுத்தே ஆக வேண்டிய ஒரு பிரிவினர் இருக்கிறார்கள். காதில் குரல்கள் கேட்பது, எல்லோரும் தனக்கு எதிராகச் சதி செய்வதாக நம்புவது போன்ற அறிகுறிகளுக்காக ஆன்டிசைக்கோடிக் மருந்து சாப்பிடுபவர்கள். மனநல மருத்துவமனைகளுக்குப் பழகிய கதை இது: ஒரு வருடமாக ஒழுங்காக மாத்திரை சாப்பிட்டு, கல்லூரிக்குத் திரும்பிய இளைஞன், பண்டிகையன்று நண்பர்களோடு இரண்டு டம்ளர் குடிக்கிறான். சில நாட்களில் குரல்கள் திரும்புகின்றன. "மருந்து வேலை செய்யவில்லை" என்று குடும்பம் புலம்புகிறது. டம்ளரைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை.

மோதல் மூளையில் தொடங்குகிறது. 1952இல் பாரிஸில் குளோர்ப்ரோமஸின் பயன்பாட்டுக்கு வந்தது முதல் இன்றைய ரிஸ்பெரிடோன் வரை, இந்த மருந்துகளில் பெரும்பாலானவற்றின் முக்கிய வேலை டோபமைன் என்ற ரசாயனத்தின் ஆட்டத்தை அடக்குவது. கஞ்சாவில் போதை தரும் டி.எச்.சி. என்ற பொருளோ, ஆரோக்கியமானவர்களுக்குக்கூடச் சந்தேகத்தையும் குழப்பத்தையும் தற்காலிகமாகத் தூண்டக்கூடியது. ஒரு கை அணைக்கும் தீயை மறு கை ஊதிவிடுகிறது.

சுமார் 45,000 ஸ்வீடன் ராணுவ இளைஞர்களை 15 ஆண்டுகள் தொடர்ந்த ஆய்வு 1987இல் வெளியானது. 50 முறைக்கு மேல் கஞ்சா பயன்படுத்தியவர்களுக்கு மனச்சிதைவு வரும் அபாயம் மற்றவர்களைப் போல ஆறு மடங்கு என்றது. காரணம் கஞ்சா மட்டும்தானா என்ற விவாதம் முடியவில்லை. ஆனால் நோய் வந்த பின் தொடர்ந்தால் நிலைமை மோசமாகும் என்பதில் சந்தேகம் குறைவு. பல ஆய்வுகளைத் தொகுத்து 2016இல் லான்செட் சைக்கியாட்ரி இதழ் வெளியிட்ட கட்டுரையின்படி, கஞ்சாவைத் தொடர்பவர்களுக்கு நோய் மீண்டும் தாக்குவது அதிகம். அதே கட்டுரையில் ஆறுதலும் உண்டு: நிறுத்தியவர்களின் நிலை, கஞ்சாவைத் தொடாத நோயாளிகளின் நிலையை ஒட்டியே இருந்தது.

இரண்டாவது மோதல் கல்லீரலில். க்ளோஸபின், ஓலன்ஸபின் ஆகிய மருந்துகளைச் சிதைத்து வெளியேற்றும் ஒரு என்சைமைப் புகை முடுக்கிவிடுகிறது. சில்லமோ பீடியோ, எரியும் இலையின் தாரில் உள்ள பொருட்கள்தான் காரணம். கஞ்சாவோடு புகையிலையும் கலந்தால் கேட்கவே வேண்டாம். ரத்தத்தில் மருந்தின் அளவு குறைகிறது. விவரம் தெரியாத டாக்டர் டோஸைக் கூட்டுகிறார்.

விபரீதம் அதற்குப் பிறகு. அதே நோயாளி மருத்துவமனையில் சேர்கிறார். புகை திடீரென்று நின்று போகிறது. சில நாட்களில் என்சைமின் வேகம் தணிகிறது. கூட்டிய டோஸ் உடம்பில் தேங்குகிறது. க்ளோஸபின் விஷயத்தில் இது கடும் மயக்கம், ரத்த அழுத்த வீழ்ச்சி, வலிப்பு வரை போகலாம். ஆகவே புகையை விடுவது நல்லதுதான். டாக்டருக்குச் சொல்லிவிட்டு விடுவது அவசியம்.

பாங்கில் புகை இல்லையே என்று நிம்மதி அடைய வேண்டாம். வயிற்றின் வழியாகப் போகும் போதை ஏற ஒரு மணி, இரண்டு மணி நேரம்கூட ஆகும். "ஒன்றும் ஆகவில்லை" என்று அடுத்த டம்ளரை எடுப்பவர்கள் பின்னர் மொத்தமாக மாட்டிக்கொள்கிறார்கள். மாத்திரையின் தூக்கமும் பாங்கின் தூக்கமும் கூடும், இதயம் படபடக்கும், எழுந்து நின்றால் தலை சுற்றி விழலாம்.

பிறகு ஏன் தொடுகிறார்கள்? தூக்கம் வராமை, தனிமை, மருந்து தரும் விறைப்பும் மந்தமும். கஞ்சா சிறிது நேரம் இலேசாக்குகிறது என்பது அவர்கள் அனுபவம். அதைத் திட்டித் தீர்ப்பதில் பயனில்லை. பக்கவிளைவுதான் பிரச்சினை என்றால் டோஸை மாற்றலாம், வேறு மருந்து தரலாம். அதற்கு டாக்டருக்கு உண்மை தெரிய வேண்டும்.

இங்கேதான் சட்டம் குழப்புகிறது. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் கஞ்சாவையும் சரஸையும் தடை செய்கிறது. பூவும் காயும் இல்லாத இலையை அந்த வரையறையிலிருந்து விலக்குகிறது. அதனால் கஞ்சா அடிப்பவர் போலீஸுக்குப் பயந்து மறைக்கிறார். பாங் குடிப்பவர் அதைப் போதை என்றே கருதாமல் சொல்லாமல் விடுகிறார். 2019இல் மத்திய அரசு வெளியிட்ட எய்ம்ஸ் கணக்கெடுப்பின்படி, ஓராண்டில் இவற்றில் ஏதாவது ஒன்றைப் பயன்படுத்தியவர்கள் சுமார் 3.1 கோடிப் பேர். அவர்களில் பெரும்பாலோர் நாடியது பாங்.

பயத்துக்கு ஒரு பதில் உண்டு. 2017ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் நோயாளியின் விவரங்களை ரகசியமாகக் காக்கும் உரிமையை அளிக்கிறது. வாய்விட்டுப் பேசத் தயங்குபவர்களுக்கு, 2022இல் தொடங்கிய டெலி மானஸ் உதவி எண் 14416இல் தமிழிலும் ஆலோசனை கிடைக்கிறது.

குடும்பத்தினர் நினைவில் வைக்க வேண்டியவை இரண்டு. பண்டிகை மயக்கத்தில் மாத்திரையை நிறுத்தக் கூடாது. திடீர் நிறுத்தம் தனி ஆபத்து. விறைப்பு, வலிப்பு, எழுப்ப முடியாத தூக்கம் தெரிந்தால் உடனே மருத்துவமனை. அங்கே டாக்டர் கேட்கும் முன்பே சொல்ல வேண்டிய வார்த்தை ஒன்று உண்டு: பாங்.