முதல் கேள்விக்கு ஒரு பதில்

உலக விண்வெளி மாநாடுகளில் கடை விரிக்கும் புதிய எஞ்சின் நிறுவனங்கள் முதலில் சந்திக்கும் கேள்வி: "இது விண்வெளியில் ஓடியிருக்கிறதா?" கோடிக்கணக்கில் செலவழித்த செயற்கைக்கோளை, ஓடிப் பார்க்காத எஞ்சினை நம்பி அனுப்ப யாருக்குத் துணிவு வரும்? யாராவது வாங்கினால்தானே அதுவும் ஓடும்? பைத்தியம் தெளிந்தால் கல்யாணம், கல்யாணம் ஆனால் பைத்தியம் தெளியும் என்ற கதைதான்.

2015இல் பெங்களூரில் தொடங்கிய பெல்லாட்ரிக்ஸுக்கு இந்த முடிச்சை அவிழ்க்க உதவியது இஸ்ரோ. 2024 ஜனவரி 1 அன்று எக்ஸ்போசாட் செயற்கைக்கோளை இறக்கிவிட்ட பிஎஸ்எல்வி-சி58இன் நான்காம் கட்டம், வழக்கம்போல் விண்வெளிக் குப்பையாகாமல் சோதனை மேடையானது. நச்சு மிகுந்த ஹைட்ரசீனுக்கு மாற்றான எரிபொருளில் பெல்லாட்ரிக்ஸின் 'ருத்ரா' எஞ்சின் அங்கே இயங்கிக் காட்டியது.

இனி விலை பேச ஆரம்பிக்கலாம்.