தோலுக்குச் சுருதி சேருமா கிட்டார்?

2018 ஜனவரி 6 அன்று சென்னை கீழ்ப்பாக்கத்தில் ஒரு திறந்தவெளி மேடை. கோட்டும் சூட்டும் போட்டு ஏறி நின்றவர்கள் கானா பாடினார்கள். எலெக்ட்ரிக் கிட்டாரும் டிரம்ஸும் ஒரு பக்கம் இருக்க, சட்டியும் கட்ட மோளமும் பறையும் மேடையின் நெஞ்சில் இருந்தன. சாவு வீட்டு வாசலில் விடிய விடியப் பாடப்பட்ட கானா அன்று ராக்கோடும் ராப்போடும் தோளுரசி நின்றது. 19 பேரோடு தொடங்கிய ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழுவைப் பற்றி இன்றைக்குப் புதிதாக அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. இயக்குநர் பா.ரஞ்சித்தின் முன்னெடுப்பு, தென்மாவின் இசை, அறிவின் சொல், இசைவாணியின் குரல் என்று எல்லாமே தமிழ்நாடு கேட்டதுதான். 2020இல் பிபிசியின் 100 பெண்கள் பட்டியலில் இசைவாணி இடம்பெற்றதும் தெரிந்த செய்தி.

அந்தக் குழுவின் அரசியல் பற்றி நிறையவே எழுதியாகிவிட்டது. இசையில் அவர்கள் செய்த காரியம் ஒன்றைப் போதுமான அளவு யாரும் பேசவில்லை என்பது என் எண்ணம். ராக் பாட்டு ஒன்றைப் போட்டுவிட்டு அதன்மேல் கொஞ்சம் கானாவை அவர்கள் தூவவில்லை. சட்டியின் நடைதான் பாட்டின் நடை. கிட்டார் அதற்குப் பின்னால் வருகிறது. பல இசைகளைக் கலக்கிறோம் என்று சொல்கிற எந்தக் குழுவையும் இந்த ஒரு கேள்வியால் உரசிப் பார்க்கலாம்: யாருக்காக யார் சுருதி மாற்றிக்கொள்கிறார்கள்?

இந்தக் கேள்வியோடு நம் கொங்குப் பக்கம் வருவோம். கோவையில் பொறியியல் கல்லூரிகளுக்குப் பஞ்சமில்லை, கல்லூரிக்குக் கல்லூரி ஒரு ராக் குழு இருக்கிறது. பொள்ளாச்சிப் பிள்ளைகளும் அவற்றில் வாசிக்கிறார்கள், நன்றாகவே வாசிக்கிறார்கள். ஆனால் கலைவிழா மேடையில் பறை வரும் நேரம் எவ்வளவு? பாட்டின் நடுவே நாலு வரி. கூட்டம் எழுந்து ஆடும், கைதட்டும். பறை இறங்கிவிடும், கிட்டார் தொடரும். வடசென்னைக் கானாவுக்கு நடந்தது கொங்கு இசைக்கு இன்னும் நடக்கவில்லை.

நம்மிடம் சரக்கு இல்லாமலா? ஆனைமலை மாசாணியம்மன் குண்டத்துக்கும் சூலக்கல் மாரியம்மன் தேருக்கும் போய் வந்தவர்களுக்குத் தெரியும், இந்த மண்ணில் எத்தனை வகை அடி இருக்கிறதென்று. தப்பட்டை, உருமி, ஜமாப், கொம்பு, பெருஞ்சலங்கை, கும்மி. மலையேறினால் காடர், மலசர் மக்களின் கொட்டும் குழலும் தனி உலகம். சினிமாக்காரர்கள் நம் தென்னந்தோப்பையும் வாய்க்காலையும் தலைமுறை தலைமுறையாகப் படம்பிடித்துக்கொண்டு போயிருக்கிறார்கள். 1992இன் ‘தேவர் மகன்’ வரை சொல்லலாம், அதற்குப் பிறகும் சொல்லலாம். அந்தப் படங்களில் கேட்கும் மேளம் மட்டும் பெரும்பாலும் சென்னை ஒலிப்பதிவுக் கூடங்களில் அடிக்கப்பட்டது. ஊர் திரையில் வந்தது, ஊரின் சத்தம் வரவில்லை.

இருக்கிற சரக்கில் ஒன்றே ஒன்றை எடுத்துக்கொள்கிறேன்: உடுக்கை. கொங்கின் வாய்மொழிக் காவியமான அண்ணன்மார் கதையை உடுக்கடித்துப் பாடுவதைக் கேட்டு வளர்ந்த தலைமுறை இன்னும் நம் வீடுகளில் இருக்கிறது. பொன்னர், சங்கர், தங்காள் கதை ஒரே இரவில் தீராது. பிரெண்டா பெக் என்ற கனடா நாட்டு மானுடவியலாளர் 1965இல் காங்கேயம் பக்கத்தில் ஈ.சி.ராமசாமி என்ற பாடகர் பாடியதை ஒலிநாடாவில் பதிவு செய்தார். முப்பது மணி நேரத்துக்கும் மேல் ஓடியது அது. 1982இல் அதை வைத்து அவர் எழுதிய ஆய்வு நூலும் வெளியானது. பாட்டு, பேச்சு, ஒப்பாரி, சண்டை, சிரிப்பு என்று ஒருவரே குரல் மாற்றி மாற்றி நடத்தும் அந்த இரவு அரங்கை நினைத்துப் பாருங்கள். ஒரு முழு ஆல்பத்தையே ஒரே கதையாகக் கட்டினார்கள் என்று மேல்நாட்டு ஆர்ட் ராக் குழுக்களை நாம் வியக்கிறோம். அந்தக் கட்டுமானம் நம் கோயில் திடலில் ஏற்கெனவே இருக்கிறது. அந்தக் கதையின் போரை நடித்துக் காட்டும் வீரப்பூர் படுகளச் சடங்கில் இளைஞர்கள் மாண்டவர்களாய்ச் சாய்வதும் மறுபடி எழுப்பப்படுவதும் எந்த ராக் மேடையும் இதுவரை எட்டிப் பிடிக்காத நாடகம்.

உடுக்கை வேலை செய்யும் விதத்தையும் பாருங்கள். இடுப்பு சிறுத்த சின்ன வாத்தியம். இரு பக்கத் தோலையும் இழுத்துக் கட்டியிருக்கும் கயிற்றை இடது கை அமுக்குகிறது. அமுக்க அமுக்கத் தோல் இறுகி ஒலி மேலேறும், விட்டால் குழைந்து இறங்கும். மேலுக்கும் கீழுக்கும் இடையில் படிக்கட்டே கிடையாது, சறுக்கல்தான். எலெக்ட்ரிக் கிட்டார்காரர் தந்தியை விரலால் வளைத்து அழ வைக்கிறாரே, அதையே உடுக்கை தோலில் செய்கிறது. இந்த இரண்டையும் எதிரெதிரே உட்கார வைத்து ஒரு மணி நேரம் பேசவிட்டால் என்ன பிறக்கும் என்று நினைக்கும்போதே எனக்குப் பரபரக்கிறது.

ஆனால் இன்றைய ஒலிப்பதிவு முறையில் இந்தப் பேச்சு நடக்காது. என் கவலை இங்கேதான் தொடங்குகிறது.

இப்போது பாட்டுப் பதிவு என்றால் முதலில் கணினியில் ஒரு தாளக்கோடு போடுகிறார்கள். நிமிடத்துக்கு இத்தனை அடி என்று ‘டிக் டிக்’ ஓடும். காதில் ஹெட்போன் மாட்டி எல்லோரும் அதற்கு வாசிக்க வேண்டும். கிட்டாருக்கும் கீபோர்டுக்கும் இதில் சிரமமில்லை. உடுக்கைப் பாட்டுக்காரர் என்ன செய்வார்? போருக்குப் போகும் இடத்தில் அவர் கை தானாக வேகமெடுக்கும். சாவு வரும் இடத்தில் தேங்கும். அருள் வந்து ஒருவர் ஆடத் தொடங்கினால் ஆடுகிறவர் காலைப் பார்த்துத்தான் அடி விழும். அந்தக் கை அறிவு முழுக்க இங்கே பிழையாகிவிடுகிறது. ‘டெம்போ விடுகிறார்’ என்று சொல்லி, நாலு அடியை மட்டும் வெட்டியெடுத்து, அதையே திரும்பத் திரும்ப ஒட்டி ஓட்டுகிறார்கள். பாட்டில் உடுக்கை இருக்கும். உடுக்கை வாசித்தவர் இருக்க மாட்டார்.

சுருதியிலும் இதே கதை. ‘அய்யப்பனும் கோஷியும்’ படத்தில் பாடியதற்காக அட்டப்பாடி இருளர் சமூகத்தின் நஞ்சியம்மாவுக்கு 2022இல் தேசிய விருது அறிவிக்கப்பட்டது. நம் ஆனைகட்டியைத் தாண்டினால் அட்டப்பாடி. விருது அறிவித்த கையோடு எழுந்த கேள்வி என்ன தெரியுமா? ஒரு சுருதியைக் கொடுத்தால் அதற்கேற்ப அவரால் பாட முடியுமா என்பது. கேரளத்திலேயே பலர் அதற்குப் பதில் சொன்னார்கள். ஆனாலும் அந்தக் கேள்வியின் திசையைக் கவனிக்க வேண்டும். நஞ்சியம்மாவின் குரலுக்கு நம் வாத்தியங்களால் சுருதி சேர்க்க முடியுமா என்று கேட்டவர் எத்தனை பேர்?

முடியாத காரியமில்லை. 1970களில் ஜான் மெக்லாக்லின் ‘சக்தி’ குழுவில் எல்.சங்கரின் வயலினோடும் விநாயக்ராமின் கடத்தோடும் ஜாகீர் உசேனின் தபலாவோடும் உட்கார்ந்தபோது, கமகம் பிடிக்கும்படி தன் கிட்டாரையே மாற்றிக்கொண்டார். விரல் பலகையைக் குழிவாகச் செதுக்கி, கூடவே ரீங்கரிக்கும் துணைத் தந்திகளைக் குறுக்கே கட்டி ஒரு கிட்டார் அவருக்காகச் செய்யப்பட்டது. உலகறிந்த கிட்டார்காரர் நம் இசைக்காகத் தன் வாத்தியத்தைச் செதுக்கச் சொன்னார். அந்தக் குழு 2024இல் ‘திஸ் மொமெண்ட்’ ஆல்பத்துக்காக கிராமி வாங்கியது. தாளக்கோட்டுச் சிக்கலுக்கும் முன்மாதிரி உண்டு. ஜெர்மனியில் கொலோன் நகரத்து ‘கான்’ குழு 1968இலிருந்தே மணிக்கணக்கில் வாசித்து, ஒலிநாடாவை வெட்டி ஒட்டிப் பாட்டாக்கியது. 1971இன் ‘டாகோ மாகோ’ அப்படி உருவானதுதான். வாசிப்பு முதலில், கட்டுமானம் பிறகு. பரிசோதனை ராக் என்ற பெயருக்கு அர்த்தம் கொடுத்தவர்கள் செய்தது இது.

நம்மூரில் தோலே போய்க்கொண்டிருக்கிறது என்பது இன்னும் பெரிய துக்கம். தப்பட்டையைத் தீயில் காட்டி இறுக்கிய பிறகுதான் அடிக்க முடியும். காயாத தோலில் குச்சி வைத்தால் ‘பொத்து’ என்று விழும் என்பார்கள் இந்தப் பக்கத்து ஆட்கள். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஈரக்காற்று வீசும்போது ஒரு பாட்டுக்குள்ளேயே தோல் தளர்ந்துவிடும். குளிரூட்டிய அரங்கத்தில் தீ மூட்டவும் விடமாட்டார்கள். ஆகவே பிளாஸ்டிக் தோல் வந்துவிட்டது. எடை குறைவு, மழையிலும் அடிக்கலாம், தோலைத் தொட்டவர் என்று ஒதுக்கி வைத்த இழிவும் போகட்டும் என்கிறார்கள் சிலர். கடைசிக் காரணத்தின் முன்னால் நான் தலைகுனிகிறேன். ஆனால் அந்த இழிவு இருப்பது தோலில் அல்ல, ஊரின் மனத்தில். கீழ்ப்பாக்கம் மேடை காட்டியதும் அதைத்தான்: வாத்தியத்தைக் கைவிடாமலே நிமிர்ந்து நிற்க முடியும். பிளாஸ்டிக்கில் அடித்தால் மேல் சத்தம் காதைக் கிழிக்கும். அடிவயிற்றில் வந்து இடிக்கும் அந்தக் கீழ்ச் சத்தம் அதில் கிடையாது. அடிக்குச்சி நடுவில் விழும்போதும் சிண்டுக்குச்சி ஓரத்தில் விழும்போதும் பிறக்கும் இரண்டு குரல்களுக்கு நடுவே இருந்த தூரமும் குறைந்துவிட்டது.

இன்னொரு பக்கம், நம் கல்யாண ஊர்வலங்களுக்கும் கோயில் நோம்பிகளுக்கும் கேரளத்திலிருந்து செண்டை மேளம் வருகிறது. செண்டை மகத்தான வாத்தியம், அதை வாசிக்கும் கலைஞர்களை வரவேற்க வேண்டியதுதான். ஆனால் உள்ளூர்க் குழுவுக்குக் கொடுக்க மனம் வராத கூலியை வெளியூர்க் குழுவுக்கு முன்பணமாகவே நீட்டுகிற ஊர்கள் இங்கே இருக்கின்றன. கேரளத்திலிருந்து ராக்கும் வருகிறது. ‘அவியல்’ போன்ற மலையாள ராக் குழுக்கள் தங்கள் நாட்டுப்பாடலைத் தங்கள் மொழியிலேயே முழங்கியதைப் பொள்ளாச்சி இளைஞர்கள் ஆசையோடு கேட்கிறார்கள். ஒரு மணி நேரப் பயணத் தூரத்தில் பாலக்காடு. கேட்டதோடு நின்றுவிட வேண்டுமா?

வீட்டு அறையிலேயே கணினியும் மைக்கும் வைத்துப் பாட்டுப் பதிவு செய்யும் பையன்களும் பெண்களும் இன்று கோவையிலிருந்து ஆனைமலை வரைக்கும் இருக்கிறார்கள். அவர்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். தாளக்கோட்டை முதலில் போடாதீர்கள். உடுக்கைக்காரரை, தப்பட்டைக்காரரை முதலில் வாசிக்க விடுங்கள். வீட்டு அறையில் வேண்டாம், தீ மூட்ட இடமுள்ள தோப்புக்குப் போங்கள். அவர் கை போன போக்கில் முழுதாகப் பதியுங்கள். பிறகு அந்த வேகத்தைப் பின்தொடர்ந்து கணினியில் தாளக்கோட்டை வரையுங்கள். நீங்கள் பயன்படுத்தும் மென்பொருள்களிலேயே அதற்கு வழி இருக்கிறது. கிட்டாரின் சுருதியைத் தோலின் குரலுக்கு இறக்கியோ ஏற்றியோ வையுங்கள். முறுக்காணியைத் திருப்ப ஒரு நிமிடம் போதும். சம்பளத்தைச் சமமாகப் பிரியுங்கள். போஸ்டரில் அவர் பெயரைக் கிட்டார்காரர் பெயருக்கு நிகரான எழுத்தில் போடுங்கள், பாட்டின் உரிமைத் தாளிலும் எழுதுங்கள். அண்ணன்மார் கதையை முழு இரவும் பாடத் தெரிந்தவர்கள் உங்கள் ஊரில் யார் மிச்சம் என்று வீட்டுப் பெரியவர்களிடம் இந்த வாரமே கேளுங்கள். அவர்களில் பலருக்கு எழுபது தாண்டிவிட்டது.