கூண்டுக்குள் நிற்கும் பொதுக்கலை

பொதுவெளிக் கலை என்ற பேச்சு இப்போது நகரங்களில் அதிகம் கேட்கிறது. ரயில் நிலையச் சுவர், மேம்பாலத் தூண், அடுக்குமாடியின் பக்கச்சுவர் என்று எங்கும் ஓவியங்கள். டிக்கெட் வாங்கி உள்ளே போய்ப் பார்க்க வேண்டியதில்லை, தெருவில் நடந்துபோகிறவர் பார்க்கலாம். நல்லதுதான். ஆனால் இந்தப் பேச்சில் ஒரு கலை எப்போதும் விடுபட்டுப்போகிறது. தமிழ்நாட்டின் தெருமுனைகளில் நீலக் கோட்டும் கையில் புத்தகமுமாக நிற்கிற அம்பேத்கர் சிலையை யாரும் கலைக் கணக்கில் சேர்ப்பதில்லை. அது சட்டம் ஒழுங்குக் கணக்கில்தான் இருக்கிறது.

சென்னையில் பொதுவெளிக் கலைக்கு உதாரணம் கேட்டால் கண்ணகி நகரைக் காட்டுவார்கள். ஆற்றங்கரைகளிலும் நகரின் பிற பகுதிகளிலும் குடியிருந்த ஏழை மக்களை, அவர்களில் பெரும்பாலோர் தலித்துகள், 2000ஆம் ஆண்டு முதல் கொண்டுபோய்க் குடியமர்த்திய இடம் அது. 15 ஆயிரத்துக்கும் அதிகமான வீடுகள். தொடக்கத்தில் கட்டிய வீடுகளில் ஒன்று 200 சதுர அடிகூட இல்லை. 2020 தொடக்கத்தில் அங்குள்ள கட்டடச் சுவர்களில் மாடி உயரத்துக்கு ஓவியங்கள் வரையப்பட்டன. ஸ்டார்ட் இந்தியா என்ற அமைப்பு முன்னெடுக்க, மாநகராட்சியும் ஏஷியன் பெயின்ட்ஸ் நிறுவனமும் துணைநின்றன.

ஓவியங்கள் அழகானவை. அந்தக் குடியிருப்புப் பிள்ளைகளின் சிரித்த முகங்களும் அவற்றில் உண்டு. குற்றச் செய்திகளில் மட்டும் அடிபட்டுவந்த ஒரு பெயர், வேறொரு காரணத்துக்காகப் பத்திரிகைகளில் வந்தது. முகவரியைச் சொன்னாலே வேலைக்கு எடுக்கத் தயங்குகிற நகரத்தில் இது சின்ன விஷயம் இல்லை. (2025இல் ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டியில் கபடித் தங்கத்தோடு திரும்பிய கார்த்திகாவை 'கண்ணகி நகர் கார்த்திகா' என்றே எல்லோரும் அழைத்தார்கள். அந்தப் பெயரை நிமிர்த்தியதில் எந்தச் சுவரைவிடவும் அவர் பங்கு பெரிது என்பது நம் எண்ணம்.) ஆனாலும் ஓவியம் வெளிச்சுவரோடு நின்றுவிட்டது. சுவருக்கு உள்ளே இருக்கும் 200 சதுர அடி அப்படியேதான் இருக்கிறது. ஓவியம் வேண்டும் என்று முதலில் கேட்டது அந்த மக்களும் அல்ல.

ஒரு பொதுக்கலை மக்களுடையதா என்று பார்க்க நாம் மூன்று கேள்விகளைக் கேட்டுப் பார்க்கலாம். வேண்டும் என்று கேட்டது யார்? காசு கொடுத்தது யார்? ஆபத்து வந்தால் முன்னால் நிற்பது யார்? இந்தக் கேள்விகளோடு நம் தெருச் சிலைக்குத் திரும்புவோம்.

ஒரு கிராமத்தில் அம்பேத்கர் சிலை எப்படி வருகிறது என்பது நம் வாசகர்களுக்குத் தெரியும். இளைஞர்கள் கூடிப் பேசுகிறார்கள். தலைக்கட்டுக்கு இவ்வளவு என்று வரி போடுகிறார்கள். திருப்பூருக்கும் சென்னைக்கும் வேலைக்குப் போனவர்கள் பணம் அனுப்புகிறார்கள். நாற்று நடவுக்கும் நூறு நாள் வேலைக்கும் போகிற பெண்கள் கூலியில் கொஞ்சம் எடுத்துவைக்கிறார்கள். வெண்கலத்துக்குப் பணம் போதாது, சிமென்ட் சிலைதான் கட்டுப்படியாகும். முகம் சில ஊர்களில் அச்சு அசலாக வந்துவிடும், சில ஊர்களில் செய்தவரின் சொந்தக்காரர் சாயலில் வந்துவிடும். அதைப் பற்றி யாரும் பெரிதாக வருத்தப்படுவதில்லை. கோட்டு நீலமாக இருக்க வேண்டும், கண்ணாடி இருக்க வேண்டும், கையில் அரசமைப்புச் சட்டம் இருக்க வேண்டும், விரல் நீண்டிருக்க வேண்டும்.

விரல் நீட்டி நிற்கும் அந்தத் தோற்றத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. நாடாளுமன்ற வளாகத்தில் 1967 ஏப்ரல் 2 அன்று குடியரசுத் தலைவர் ராதாகிருஷ்ணன் திறந்துவைத்த வெண்கலச் சிலை, சிற்பி பி.வி. வாக் செய்தது. அதன் நீட்டிய கையும் நூலும்தான் நாடு முழுக்கச் சிமென்டிலும் ஃபைபரிலும் பரவின. அதற்கும் முன்பே, அம்பேத்கர் உயிரோடு இருந்தபோதே, 1950இல் கோலாப்பூர் பிந்து சௌக்கில் அவருக்கு மார்பளவுச் சிலை வைத்துவிட்டார்கள். பக்கத்திலேயே ஜோதிராவ் புலேயும் இருக்கிறார்.

தன்னைச் சிலையாக்குவதை அம்பேத்கரே விரும்பியிருப்பாரா என்று படித்த நண்பர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. 1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில் ஆற்றிய உரையில், அரசியலில் பக்தி சர்வாதிகாரத்துக்குத்தான் கொண்டுபோகும் என்று எச்சரித்தவர் அவர். வருடத்துக்கு இரண்டு நாள் மாலை போட்டுவிட்டு அவருடைய ஒரு புத்தகத்தைக்கூடத் திறக்காதவர்கள் நம்மிலும் உண்டு. ஆனால் ஊர்ப் பொதுக் குளத்தில், தேநீர்க் கடையில், கோயில் தெருவில் தம் உடலுக்கே இடம் மறுக்கப்பட்ட மக்கள், கோட்டு சூட்டு போட்ட தங்கள் ஆளைச் சாலையைப் பார்த்து நிற்கவைப்பது பக்தியில் மட்டும் சேராது. பொது இடத்தில் எங்களுக்கும் பங்கு உண்டு என்று சிமென்டில் எழுதுவது அது. பார்க்கிறவர்களுக்கும் அது அப்படித்தான் படிக்கிறது. அதனால்தான் அந்தச் சிலை உடைபடுகிறது.

1997 ஜூலை 11 அன்று மும்பை காட்கோபர் ரமாபாய் நகரில் அம்பேத்கர் சிலைக்குச் செருப்பு மாலை போட்டார்கள். மக்கள் சாலைக்கு வந்தார்கள். காவல் படை சுட்டதில் 10 பேர் இறந்தார்கள். நம் நாகை மாவட்டத்துக்கு வந்தால், 2019 ஆகஸ்ட் 25 அன்று வேதாரண்யத்தில் நடந்ததை இப்போது கல்லூரியில் படிக்கிறவர்கள் சிறுவர்களாகக் கைபேசியில் பார்த்திருப்பார்கள். ஒரு கும்பல் சிலை மேல் ஏறி உடைத்தது, அந்தக் காட்சி ஊர் ஊராகப் போனது. மறுநாளே அரசு புதிய சிலையைக் கொண்டுவந்து வைத்தது. அந்த வேகத்தை நாம் குறை சொல்லமாட்டோம், அது மேலும் ரத்தம் சிந்தாமல் தடுத்தது. ஆனால் ஊரார் வரி போட்டுச் சிலை வைக்க அனுமதி கேட்டால் கோப்பு ஆண்டுக்கணக்கில் நகராது. அரசு நினைத்தால் ஒரே இரவில் சிலை வருகிறது என்பதையும் அன்று எல்லோரும் பார்த்துக்கொண்டார்கள்.

2013 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், பொதுச் சாலைகளிலும் பொதுப் பயன்பாட்டு இடங்களிலும் புதிதாகச் சிலை வைக்க மாநில அரசுகள் அனுமதி தரக் கூடாது என்று உத்தரவிட்டது. போக்குவரத்து நெரிசலைப் பார்த்தால் காரணம் புரிகிறது. சொந்த மனை தாராளமாக உள்ளவர்களுக்கு இந்த உத்தரவால் பெரிய நட்டமும் இல்லை. வீட்டு மனைக்கே பட்டா கேட்டு வட்டாட்சியர் அலுவலகப் படி ஏறுகிறவர்கள் சிலைக்குப் பட்டா நிலத்துக்கு எங்கே போவார்கள்? இன்னொரு பக்கம் ஐதராபாத்தில் 2023 ஏப்ரல் 14 அன்று அரசே 125 அடியில் அம்பேத்கரை எழுப்பியது. விஜயவாடாவில் 2024 ஜனவரியில் இன்னொரு 125 அடி. பெருமைதான். ஆனால் அந்த உயரத்துக்கு ஏறி ஒரு பாட்டி மாலை போட முடியாது.

இருக்கிற சிலைகளுக்கு நடந்ததுதான் கூண்டு. உடைப்புக்கு அஞ்சி, நாலு பக்கமும் இரும்புக் கம்பி, மேலே தகரம், முன்னால் பூட்டு. பெரியாருக்கும் முத்துராமலிங்கத் தேவருக்கும்கூடக் கூண்டு உண்டு. ஆனால் வரிசையாக ஊர் ஊருக்குக் கூண்டுக்குள் நிற்பவர் அம்பேத்கர்தான். வெளிமாநிலத்திலிருந்து வருகிற நண்பர்கள் முதலில் கேட்பதே இதைத்தான்: உங்கள் ஊரில் சட்டம் எழுதியவரை ஏன் அடைத்துவைத்திருக்கிறீர்கள்?

கூண்டு பாதுகாப்பு என்கிறார்கள். யாருக்கு? உடைக்க வருகிறவனைப் பிடித்துத் தண்டித்தால் சிலைக்குக் கம்பி வேண்டியதில்லை. அந்த வேலை கடினம், கம்பி அடிப்பது சுலபம். அதிலும் பூட்டின் சாவி யாரிடம் இருக்கிறது என்பது பெரிய கேள்வி. ஏப்ரல் 14க்கும் டிசம்பர் 6க்கும் கூண்டைத் திறக்கச் சொல்லிக் காவல் நிலையத்தில் மனு கொடுத்துக் காத்திருக்க வேண்டுமென்றால், தலைக்கட்டு வரி கொடுத்த தெருவுக்கு அந்தச் சிலையில் மிச்சமிருக்கும் உரிமை என்ன? சிலைக்குப் பக்கத்தில் இரவு விளக்கு, வேலை செய்கிற கண்காணிப்புக் கேமரா, சாவி தெரு மக்களின் கையில். மாவட்ட நிர்வாகம் இந்த மூன்றில் தொடங்கலாம். இதற்கு நீதிமன்ற உத்தரவு தடையில்லை, பெரிய செலவும் இல்லை.

நம் பக்கம் செய்ய வேண்டியதும் இருக்கிறது. சிலையின் பீடத்தில் பதித்த கல்வெட்டைப் படித்துப் பாருங்கள். திறந்துவைத்த தலைவர், தலைமை ஏற்றவர், முன்னிலை வகித்தவர், கட்சி, தேதி எல்லாம் இருக்கும். கூலியில் எடுத்துக் கொடுத்தவர்களின் பெயர் இருக்காது. இதே மாவட்டத்தில் கீழ்வெண்மணி நினைவிடத்துக்குப் போனால் வித்தியாசம் தெரியும். 1968 டிசம்பர் 25 அன்று எரித்துக் கொல்லப்பட்ட 44 பேரின் பெயர்களும் அங்கே பொறிக்கப்பட்டிருக்கின்றன. விவசாயக் கூலிகளின் பெயர்களும், அவர்கள் வீட்டுக் குழந்தைகளின் பெயர்களும். டிசம்பரில் அங்கே வருகிறவர்கள் அந்தப் பெயர்களை விரலால் தொட்டுப் படிப்பதைப் பார்க்கலாம். ஒரு கல்லுக்கும் ஒரு ஊருக்கும் உள்ள உறவு அதில் இருக்கிறது. கலை விமர்சகர் யாரும் வந்து சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

தமிழும் வரலாறும் படிக்கும் மாணவர்கள் ஆய்வேட்டுக்குத் தலைப்பு தேடி அலைகிறார்கள். உங்கள் தெருச் சிலையை எடுத்துக்கொள்ளுங்கள். எந்த ஆண்டு வந்தது, எங்கே செய்தார்கள், எத்தனை ரூபாய், வண்டியில் எந்த வழியாகக் கொண்டுவந்தார்கள், எந்தத் தெருவில் மறித்தார்கள், அமைதிப் பேச்சுவார்த்தையில் என்ன எழுதிக் கையெழுத்து வாங்கினார்கள், கூண்டு எந்த ஆண்டு வந்தது, சாவி யாரிடம். கேட்டு எழுதுங்கள். சொல்லக்கூடியவர்களுக்கு இப்போது எழுபது வயதுக்கு மேல். வசூல் செய்த நோட்டு இன்னும் யார் வீட்டுப் பரணிலாவது இருக்கக்கூடும். இருந்தால், கரையான் அரிப்பதற்கு முன் பக்கம் பக்கமாகப் படம் எடுத்துவிடுங்கள். ஐந்து ரூபாய் கொடுத்தவர் பெயர் அதில்தான் இருக்கிறது.