சுவருக்கு எது சோத்துக்கை?

ஒரு கார் மணிக்கு 56 கிலோமீட்டர் வேகத்தில் வந்து கான்கிரீட் சுவரில் நேராக முட்டுகிறது. அமெரிக்காவில் 1979 முதல் புதுக் கார்களை இப்படி முட்டவிட்டுத்தான் அவற்றின் பாதுகாப்பை எடைபோடுகிறார்கள். கண் இமைத்துத் திறப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும். பார்க்கிறவர்கள் நசுங்கிய காரைப் பார்ப்பார்கள். உள்ளே தலை சாய்ந்து கிடக்கும் பொம்மையைப் பார்த்துப் பாவப்படுவார்கள். சுவரை யாரும் பார்ப்பதில்லை.

ஆனால் அந்தச் சுவரும் அளக்கிறது. அதன் முகத்தில் லோடு செல் எனப்படும் விசையளவிகளைத் தரை ஓடு பதிப்பதுபோல் பதித்திருப்பார்கள். ஒவ்வொன்றும் 125 மில்லிமீட்டர் சதுரம். நெடுக்கில் 8, குறுக்கில் 16 என்று அடுக்கினால் 128. கார் மொத்தம் எவ்வளவு விசையோடு இடித்தது என்று தெரிந்துகொள்ள இத்தனை தேவையில்லை. எந்த இடத்தில், எந்த உயரத்தில் இடித்தது என்பதுதான் கேள்வி. உயரமான வண்டியின் சட்டம் மேல்வரிசைச் செல்களையே குத்தினால், நாளை சாலையில் அது சின்னக் காரின் பம்பரைத் தாண்டி மேலே ஏறிவிடும் என்று ஊகிக்கலாம்.

ஒவ்வொரு செல்லும் நொடிக்குப் பத்தாயிரம் முறை அளந்தால், 0.15 நொடியில் 1,500 அளவுகள். 128 செல்களுக்கு 1,92,000. இவ்வளவும் ஒரு கோப்பில் வந்து விழுகிறது. இதில் இடது ஓரக் கீழ்மூலைச் செல் எது?

எளிய கேள்விபோல் இருக்கிறது. யாருக்கு இடது? காரும் சுவரும் எதிரெதிரே நிற்பவை. ஓட்டுநருக்குச் சோத்துக்கைப் பக்கம் இருப்பது சுவருக்குப் பீச்சாங்கைப் பக்கம். ஒரு சோதனைக்கூடத்தில் காரில் உட்கார்ந்தபடி எண்ணுகிறார்கள், இன்னொன்றில் சுவரில் சாய்ந்தபடி எண்ணுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வரிசையை ஒருவர் தரையிலிருந்து தொடங்குகிறார், மற்றவர் மேலிருந்து. இரண்டு கோப்பிலும் எண்கள் சுத்தமாக இருக்கும். ஒன்றின் மேல் ஒன்றை வைத்துப் பார்த்தால் மட்டும் கார் தலைகீழாக, கண்ணாடிப் பிம்பமாக மோதியதுபோல் தெரியும். உணரி பழுதானால் வரைபடமே காட்டிக்கொடுத்துவிடும். பெயர் மாறியதை எந்த வரைபடமும் காட்டாது. அதனால்தான் இதை நான் அளவீட்டுப் பிழைகளிலேயே மோசமான பிழை என்பேன்.

இதற்காக 2003இல் ஐ.எஸ்.ஓ. 13499 என்ற ஆவணம் வந்தது. மோதல் சோதனைத் தரவைக் கூடத்துக்குக் கூடம் கைமாற்றுவதற்கான விதிகள் அவை. அதன்படி ஒவ்வொரு சேனலுக்கும், அதாவது உணரியின் ஒவ்வொரு பதிவுக்கும், 16 எழுத்தில் ஒரு பெயர். நம் வண்டியின் எண் பலகையைப்போல, எந்த இடத்தில் என்ன வரும் என்பது தீர்மானமானது. முதல் எழுத்து, எந்தப் பொருள்: முதல் வண்டியா, இரண்டாவதா, தடுப்புச் சுவரா. அடுத்தது இருக்கை. பிறகு நான்கு எழுத்தில் இடம்: தலையா, மார்பா, தொடையெலும்பா. பிறகு இடதா வலதா போன்ற நுணுக்கம், பொம்மையின் வகை. 13, 14ஆம் இடங்களில் எதை அளந்தோம் என்பது: முடுக்கத்துக்கு ஏ.சி., விசைக்கு எஃப்.ஓ. பதினைந்தாவது, திசை. சொல்ல எதுவும் இல்லாத இடத்தைச் சுழி போட்டு நிரப்ப வேண்டும். விட்டுவிட்டால் அடுத்தவை எல்லாம் இடம் நகர்ந்துவிடும். வாய்விட்டுப் படிக்க முடியாத, அழகே இல்லாத பெயர்தான். கணினிக்கு அழகு வேண்டாமே.

பதினாறாவது எழுத்துதான் எனக்கு மிகவும் பிடித்தது. அது வடிகட்டியைச் சொல்கிறது. இரும்பில் எதை மோதினாலும் அது மணிபோல் அதிரும். உணரி அந்த அதிர்வையும் சேர்த்தே எழுதிவைக்கும். கார் உடலுக்கும் சுவரின் விசைக்கும் 60ஆம் வகுப்பு வடிகட்டி. அது சிலிர்ப்பையெல்லாம் வழித்தெடுத்து உருவத்தை மட்டும் விடும். தலையின் முடுக்கத்துக்கு 1000ஆம் வகுப்பு, ஏனென்றால் அங்கே ஒரு கூர்முனைகூட மூளைக்கு முக்கியம். ஒரே உணரியின் ஒரே பதிவை இரண்டிலும் வடித்தால் உச்ச அளவு இரண்டாக வரும். இரண்டும் உண்மை. எது எது என்று சொல்ல அந்த ஓர் எழுத்து வேண்டும்.

கார்களை மோதவிட்டு மதிப்பெண் தரும் ஐரோப்பாவின் யூரோ என்கேப் அமைப்பு, 2020இல் முன்மோதல் சோதனையில் தடுப்பையே ஓடவிட்டது. 1,400 கிலோ எடையுள்ள தள்ளுவண்டி, அதன் முகத்தில் தேன்கூடுபோன்ற அலுமினியம். அதுவும் காரும் தலா 50 கிலோமீட்டர் வேகத்தில் எதிரெதிரே வந்து, பாதி அகலத்தில் மோதுகின்றன. இங்கே தடுப்பு என்பது எதிரே வரும் இன்னொருவரின் கார். தள்ளுவண்டியின் முடுக்க உணரியைக்கொண்டு, அதில் ஓர் ஆள் இருந்திருந்தால் எவ்வளவு தாங்கியிருப்பார் என்று கணக்கிடுகிறார்கள்: முதல் 65 மில்லிமீட்டர் தடையில்லாமல் முன்னே போவார், அதன்பின் 300 மில்லிமீட்டர் வரை பெல்ட் அவரைப் பிடித்து நிறுத்தும் என்று ஒரு கற்பனை. அந்த ஆள் மிகவும் அடிபட்டால் மோதிய காருக்கு மதிப்பெண் குறையும். தன் பயணிகளை முழுசாகக் காப்பாற்றிய காரும் இதில் மாட்டிக்கொள்ளலாம். தள்ளுவண்டியின் உணரியும் காரின் உணரியும் பெயர் மாறினால் அடித்தவருக்கும் அடிபட்டவருக்கும் ஆள் மாறிவிடும்.

இந்தியாவில் அதுபோன்ற பாரத் என்கேப் 2023 அக்டோபரில் தொடங்கியது. சென்னைக்கு அருகே ஒரகடத்திலும் மோதல் சோதனைக்கூடம் இருக்கிறது. அந்த 16 எழுத்துப் பெயரில் இரண்டாவதாக வரும் இருக்கை எண் ஓட்டுநரைப் பார்த்து வைத்ததல்ல; முன் இடப்பக்கம் 1, முன் வலப்பக்கம் 3. முதல் வண்டிக்கும் எண் 1. ஆகவே ஜெர்மனியில் ஓட்டுநரின் தலைக்கான பெயர் 11 என்று தொடங்கும். நம் ஊர்க் காரில் அது 13.